பெரிய இலை மாப்பிள்ளை

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் இருப்பதோடு சரி. ஊர் அவரை 'மெதுவா' என்றுதான் கூப்பிடும். வீடு மாற்றிக் கொடுப்பது அவர் தொழில். நாலு பேர் பீரோவைத் தூக்கினால் ஐந்தாவது ஆளாக அவர் முன்னால் நின்று, பின்பக்கமாகவே நடந்து, "மெதுவா... மெதுவா..." என்று சொல்லிக்கொண்டே போவார். தூக்குகிறவர்களிடம் சொல்வார். பீரோவிடம் சொல்வார். இடிக்கிற மாதிரி நிற்கும் வாசல் நிலையிடமும் சொல்வார். ஒருமுறை இசை டீச்சரின் பியானோவை மாடியிலிருந்து இறக்கினார்கள். பியானோவுக்கு ஒரு கீறல் இல்லை, அவருக்குத்தான் சாயங்காலம் தொண்டை கட்டிவிட்டது.

ஊரில் பாதி வீட்டுச் சாமான் அவர் கை பட்டு இடம் மாறியதுதான். அவர் மட்டும் கல்யாணமான புதிதில் வாங்கிய வீட்டை விட்டு அசையவில்லை. மேட்டுத் தெருவில் கடைசி வீடு. தெருவிலிருந்து வாசலுக்கு ஏறுவதற்குள் நாக்குத் தள்ளிவிடும், அத்தனை படிகள். அந்தப் படிகளைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வேண்டாம் என்று போனார்கள். அவர் படிகளைப் பார்த்துத்தான் வாங்கினார். இத்தனை படி ஏறி வந்து யார் நம்மைக் காலி பண்ணச் சொல்லப் போகிறார்கள் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்குக்கு ஒரு காரணம் இருந்தது. அவருடைய அப்பாவுக்கு எந்த வீட்டுக்காரரோடும் ஒத்துப்போகாது. ஒரு வீட்டில் குழாயடிச் சண்டை, அடுத்த வீட்டில் மொட்டைமாடிச் சண்டை, இன்னொரு வீட்டில் என்ன சண்டை என்பதே யாருக்கும் நினைவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாசலில் கைவண்டி நிற்கும். சாமானெல்லாம் ஏற்றி முடிந்ததும் அம்மா அவரை உள்ளே அனுப்புவாள். "ஏதாச்சும் விட்டுப்போச்சான்னு ஒரு சுத்து பார்த்துட்டு வாடா." அவர் தனியாகப் போய் ஒவ்வோர் அறையாகப் பார்த்துவிட்டு வர வேண்டும். நேற்று வரை படுத்துத் தூங்கிய அறையில் தன் காலடிச் சத்தம் வேறு யாரோ நடப்பது போலத் திரும்பிக் கேட்கும். கடைசி அறையை எட்டிக்கூடப் பார்க்காமல் பையன் வெளியே ஓடி வந்துவிடுவான். பெரியவனாகி இதே தொழிலுக்கு வந்த பிறகும், காலி வீட்டைச் சுற்றிப் பார்க்கும் அந்தக் கடைசி வேலைக்கு மட்டும் கூட வந்த ஆட்களில் யாரையாவது அனுப்பிவிடுவார். தான் லாரிப் பக்கம் போய் ஏற்கெனவே இறுக்கிய கயிற்றை இன்னொரு தரம் இறுக்குவார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

இனி அந்த மரம். வானிலை நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டைக் காலி செய்துகொண்டு மகனோடு இருக்கப் போனார். போகிற ஊர் வெயில் காயும் ஊர். எல்லாம் ஏற்றியான பிறகு முற்றத்தில் ஒரு தொட்டி மட்டும் நின்றது. அதில் முழங்கால் உயரச் செடி. செடிக்குப் பொருத்தமே இல்லாமல் ஒவ்வொரு இலையும் முழங்கை நீளம். திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் வெள்ளையாக, கம்பளித் துணியை ஒட்டவைத்தது போல மெத்தென்று இருந்தது.

"இது அங்க தாங்காது தம்பி. நீங்க வச்சுக்கோங்க."

"என்ன செடிங்க?"

"ரோடோடென்ட்ரான். அதுலயும் பெரிய இலை ஜாதி. மரமாவே வரும்."

வாயில் நுழையாத பெயர் என்று மெதுவா அங்கேயே முடிவு செய்துவிட்டார். வானிலைக்காரர் விடவில்லை. ஆழமாக நடக்கூடாது, வேர் மேலாகத்தான் படரும். சுண்ணாம்பு ஆகவே ஆகாது. இந்த ஊர்க் குழாய்த் தண்ணீரிலும் அது இருக்கிறது, அதனால் மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்ற வேண்டும். காற்று நேராக அடித்தால் இலை கிழிந்துவிடும். கடைசியாக, பூ பார்க்க இருபது வருஷம்கூட ஆகலாம், பொறுமை வேண்டும் என்றார்.

மற்றவர்களாக இருந்தால் அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். மெதுவாவுக்கு அதுதான் பிடித்துப்போயிற்று. இருபது வருஷம் ஒரே இடத்தில் இரு என்று அவரிடம் சொன்ன முதல் ஆள் அந்த வானிலைக்காரர்தான். தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

வீட்டுக்குப் பின்னால், சமையலறைச் சுவருக்கும் பக்கத்து வீட்டுத் தகரக் கொட்டகைக்கும் நடுவே காற்றுப் படாத மூலை ஒன்று இருந்தது. அங்கே நட்டார். நட்டதில் தொழில் புத்தியைக் காட்டிவிட்டார். பீரோ ஆடினால் காலுக்கு அடியில் சில்லு வைத்து முட்டுக்கொடுப்பார்கள் அல்லவா, அதைப் போலச் செடி ஆடக்கூடாதென்று வேரைச் சுற்றி உடைந்த சுவர்க்காரைத் துண்டுகளைச் செருகி, காலால் மிதித்து இறுக்கிவிட்டார். காரை என்றால் சுண்ணாம்புதானே. அது அவருக்குத் தோன்றவில்லை. அடுத்த வருஷம் இலையெல்லாம் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. கண்டதைப் போட்டுப் பார்த்தும் தேறவில்லை. பிறகு ஒரு நாள், மனைவி தன் தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்தபோது, என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று மண்வெட்டியை ஓரத்தில் நுழைத்து நெம்பினார். செடி அப்படியே தட்டு மாதிரி எழுந்து வந்தது. கீழே போகிற வேர் ஒன்றுகூட இல்லை. காரைத் துண்டுகளைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, மக்கிய இலையைக் கொட்டி மேடு கட்டி, அதன்மேல் உட்கார வைத்தார். இரண்டு வருஷத்தில் செடி தேறிவிட்டது.

ஆக, அந்த மரத்தை எப்போது வேண்டுமானாலும் தூக்கி நகர்த்தலாம் என்று அவருக்கு அன்றைக்கே தெரியும். இதை மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அவர் வசதியாக மறந்துவிட்டார்.

மனைவி திரைச்சீலை தைப்பவள். முன்னறையில் தையல் மெஷின், மூலையெல்லாம் துணிச் சுருள்கள். மழைத் தண்ணீருக்கென்று அவர் ஒரு பீப்பாய் வாங்கி வைத்ததையும், காற்றுக்குத் தடுப்பாகச் சாக்குப் படுதா கட்டியதையும், வாடின பூங்கொத்தைக் கிள்ளுவதற்கு வேண்டியிருக்கும் என்று பூக்காத மரத்துக்கு ஏணி வாங்கியதையும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"குழாய்த் தண்ணி இறங்காது. காத்து ஆகாது. உக்காந்த இடத்துல எல்லாம் நடக்கணும். திருப்பி ஒரு பூ கிடையாது. இது மரம் இல்லங்க, மாப்பிள்ளை."

அன்றிலிருந்து அதற்குப் பெயர் மாப்பிள்ளை. கடுங்குளிர் நாட்களில் அது பெரிய இலைகளை எல்லாம் தொங்கப் போட்டுச் சுருட்டிக்கொள்ளும். "மாப்பிள்ளை முறுக்கு ஆரம்பிச்சாச்சு" என்பாள். மகளுக்குக் கல்யாணமாகி அசல் மாப்பிள்ளை வந்தபோதுதான் சிக்கல். அவன் மருந்துக் கடையில் வேலை பார்க்கும் சாது. முதல் முறை வந்து உட்கார்ந்திருந்தவன் காதுபட, "மாப்பிள்ளைக்கு ரெண்டு வாளி ஊத்திட்டு வாங்க" என்று உள்ளிருந்து அத்தை குரல் கொடுக்க, பையன் எழுந்து நின்றுவிட்டான்.

இப்படியே வருஷங்கள் ஓடின. மரம் சமையலறை ஜன்னலுக்கு மேலே வளர்ந்தது. மனைவிக்கு முட்டி தேய்ந்தது. திரைச்சீலை கேட்டு வருகிறவர்கள் படியைப் பார்த்துவிட்டுக் கீழிருந்தே போன் செய்ய ஆரம்பித்தார்கள். அவள்தான் துணியைச் சுமந்துகொண்டு இறங்கி ஏறினாள். அப்போது தாழ்வான தெருவில், மகள் வீட்டுக்கு அடுத்த வீடு காலியாயிற்று. தரைத்தளம், வாசலில் ஒரே படி, பின்னால் மதில் சூழ்ந்த முற்றம். மகள் ஓடிவந்து சொன்னாள். மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்து, அவர் சாப்பிட்டுக் கை கழுவும் வரை காத்திருந்து கேட்டாள்.

"அங்க போயிடலாமாங்க? எனக்கு முடியல."

மெதுவாவின் கையிலிருந்த துண்டு அப்படியே நின்றது. தன் வீட்டு அறைகள் காலியாகக் கிடப்பது கண்ணில் வந்துவிட்டது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. வேறு ஒன்று வந்தது.

"போலாம்தான். மாப்பிள்ளைய என்ன பண்றது? வேர் அஸ்திவாரம் வரைக்கும் போயிருக்கு. எடுத்தா செத்துடும்."

பச்சைப் பொய். கூசாமல் சொன்னார். ஊரில் ஒரு சாமானை எடுக்கலாமா கூடாதா என்று கேட்டால் அவர் சொல்வதுதான் முடிவு, அதனால் மனைவியும் நம்பினாள். அதுதான் இதில் ஆறாத இடம். மரத்தின்மேல் அவருக்கு இருந்த ஆசை அவளுக்குத் தெரியும். அந்த ஆசைக்காகவே அவள் பேச்சை விட்டுவிட்டு, முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டு படுத்தாள். அந்த அடுத்த வீட்டில் குடித்தனம் மாறும்போதெல்லாம் மகள் மட்டும் கேட்பாள். அவர் அஸ்திவாரக் கதையை எடுத்து விடுவார். சொல்லச் சொல்ல வேர் நீண்டுகொண்டே போயிற்று. ஒரு தடவை தெருச் சாக்கடை வரைக்கும் போய்விட்டது.

அதன் பிறகு ஐந்தாவது வருஷம் மழைக்காலம் முடியும்போது கிளை நுனிகளில் மொட்டு தெரிந்தது. இலை மொட்டு ஒல்லியாக இருக்கும். இவை குழந்தையின் மூடிய கை அளவு தடித்து உருண்டிருந்தன. அவர் ஏணியில் ஏறி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அன்று முழுக்கக் கால் தரையில் படவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். "அப்பாடா, மாப்பிள்ளைக்கு மனசு இறங்கிடுச்சு" என்றாள் அவள். சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

குளிர் விடுகிற நேரத்தில் ஓர் இரவு புயல் வந்தது. விடிந்து பார்த்தால் பக்கத்து வீட்டுத் தகரக் கொட்டகை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. தடுப்பு போனதும் அத்தனை பெரிய இலைகளும் சேர்ந்து காற்றை வாங்கியிருக்கின்றன. மரம் சமையலறைச் சுவரில் சாய்ந்து கிடந்தது. மறுபக்கம் வேர் மூடியைத் திறந்தாற்போல நிமிர்ந்து நின்றது.

மனைவி கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் மரத்தைப் பார்க்கவில்லை, வேரைப் பார்த்தாள். அகலம் ஒரு கட்டில் இருக்கும். தடிமன் நல்ல மெத்தை அளவு. அதற்குக் கீழே சும்மா மண், அதில் ஒரு மண்புழு.

"இதுதானா?"

"என்ன இதுதானா?"

"அஸ்திவாரம் வரைக்கும் போன வேர்."

மெதுவா தலையைச் சொறிந்தார். "காத்துல அறுந்திருக்கும்."

அவள் ஒவ்வொரு அடியாக வைத்து வந்து, குனிய முடியாமல் குனிந்து, வேரின் அடிப்பக்கத்தைக் கையால் தடவினாள். மயிர் போன்ற வேர்கள் பின்னிப் பின்னி மிதியடி மாதிரி இருந்தன.

"எங்க அறுந்திருக்கு, காட்டுங்க."

அவர் குனிந்து மண்புழுவை எடுத்து ஓரமாக விட்டார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்," என்றார்.

அவள் உள்ளே போனாள். கத்தியிருந்தால் அவருக்குத் தேவலை. தையல் மெஷின் ஓடத் தொடங்கியது. அன்றும் மறுநாளும் அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மகளுக்குப் போன் போட்டு, "உங்கப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு மூடி வச்சிருக்கு" என்பாள். அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கும் அவருக்கு மகளிடமிருந்து போன் வரும். அவளோ துணிப் பையோடு படியிறங்கிப் போய், ஏறி வந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் கைப்பிடிக் கம்பி கிரீச்சிடுவது அவருக்குக் கேட்டது. இத்தனை நாளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும்.

அவர் ஈரச் சாக்கைப் போட்டு வேரை மூடி, மழைத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருந்தார். அசல் மாப்பிள்ளை கடைக்கு லீவு போட்டுவிட்டு வந்து நின்றான்.

"மாமா, இது காயறதுக்குள்ள ஒரு முடிவு பண்ணணும்."

"நிமிர்த்தி வச்சு முட்டுக் குடுத்துடலாம்."

"காத்துத் தடுப்புதான் போயிடுச்சே, மாமா."

அது அவருக்கும் தெரியும். எழுந்து தையல் அறைக்குப் போனார். மெஷின் நிற்கவில்லை.

"கனமான துணி இருக்கா?"

மெஷின் நின்றது. "எதுக்கு?"

"வேரைச் சுத்திக் கட்டணும். இல்லன்னா நிமிர்த்தும்போது மண்ணெல்லாம் உதிர்ந்துடும்."

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"திரைக்குப் பின்னாடி வச்சுத் தைக்கிற உள்துணி இருக்கு, சாக்கை விட உழைக்கும். கட்டினா நழுவும், சுத்தித் தைச்சுத்தான் ஆகணும். நானே தைக்கிறேன். ஆனா ஒண்ணு. மக வீட்டுக்கு அடுத்த வீடு மறுபடி காலியாயிருக்கு. நான் தைக்கிற மூட்டையை இந்த வீட்ல அவிழ்க்கக் கூடாது."

மெதுவா துணிச் சுருள் ஒன்றின் மேல் உட்கார்ந்தார். தப்பிக்க வழியில்லை என்று தெரிந்ததும், ஆச்சரியம், பேச்சு வந்துவிட்டது. கைவண்டி, அம்மா, ஒரு சுற்று பார்த்துவிட்டு வா என்றது, காலி அறையில் கேட்ட காலடி எல்லாவற்றையும் சொன்னார். தொழிலில்கூட அந்தச் சுற்றுக்கு ஆளை அனுப்பிவிடுவதையும் சொன்னார். "நம்ம வீட்டை அப்படிப் பார்க்க என்னால ஆகாது. பயம்தான், வேற ஒண்ணும் இல்ல."

"இத ஒரு நாள் சொல்லியிருக்கலாம்ல? மரத்து மேலயா போடுறது?"

"நீ சிரிப்பேன்னு நெனச்சேன்."

"சிரிச்சிருப்பேன்தான். சிரிச்சுட்டு வேற வழி பார்த்திருப்பேன். அஞ்சு வருஷமா என் முட்டிய இல்ல தேய விட்டீங்க."

அவர் எழுந்து உள்துணிச் சுருளைத் தோளில் தூக்கிக்கொண்டார். அவள் வளைந்த பெரிய ஊசியை எடுத்தாள்.

கொல்லையில் முக்காலி போட்டு உட்கார்ந்து அவள் தைத்ததை மெதுவாவின் ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வேருக்கு அடியில் துணியை நுழைத்து, மேலே இழுத்து, தண்டைச் சுற்றிச் சுருக்குப் பை மாதிரி முடித்துவிட்டாள். மண் ஒரு பிடி சிந்தவில்லை. இலைகளைக் கூட்டிப் பழைய திரைச்சீலைத் துண்டுகளால் மேல்நோக்கிக் கட்டினாள். மொட்டுகளுக்கு மட்டும் பஞ்சு சுற்றினாள்.

மரம் பூத்ததா என்று கேட்காமல் விடமாட்டீர்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடலாம். பூத்தது. தாழ்வான தெரு முற்றத்தில் மொட்டுகளில் பாதி உதிர்ந்து, இலையும் கணிசமாகக் கொட்டி, மிச்சமிருந்தவை வெளிர் மஞ்சளில் மணி மணியாகக் கொத்துவிட்டன, உள்ளே அடியில் கருஞ்சிவப்புத் திட்டோடு. அவள் பார்த்துவிட்டு, "பரவாயில்ல" என்றாள். ஆனால் இந்தக் கதை பூவைப் பற்றியது இல்லை.

வீடு மாறிய நாளில் சாமானெல்லாம் முதலில் இறங்கியது. மரம் கடைசி. படிகளின்மேல் பலகைகளைப் போட்டு, பியானோவை இறக்கிய அதே சறுக்குக் கட்டையில் மூட்டையை உட்காரவைத்து, கயிற்றை விளக்குக் கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். அசல் மாப்பிள்ளை கீழே நின்று வழி காட்டினான். மெதுவா மரத்துக்கு முன்னால் பின்பக்கமாக இறங்கிக்கொண்டே, "மெதுவா... மெதுவா..." என்று ஓதிக்கொண்டு போனார். லாரியில் ஏற்றி முடித்ததும் ஆட்களில் ஒருவர் வழக்கம்போலப் படியை நோக்கி நடந்தார். "அண்ணே, நான் ஒரு சுத்து பார்த்துட்டு வந்துடறேன்."

மேலே வாசலில் நின்ற மனைவி கையை ஆட்டித் தடுத்தாள். "வேணாம். என் வீடு, நான் பார்க்கிறேன்." பிறகு கணவரைப் பார்த்து, "நீங்க அங்கயே இருங்க" என்றாள்.

அவர் கீழேயே நின்றார். கயிற்றை இறுக்கப் போகவில்லை. மேலே ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் கேட்டது. கொல்லைக் கதவு. தையல் அறை. எந்த அறையில் நிற்கிறாள் என்று அவரால் சொல்ல முடிந்தது. கடைசியில் பூட்டுச் சத்தம்.

அவள் இறங்க ஆரம்பித்தாள். மெதுவா அண்ணாந்து பார்த்தார். எந்தச் சாமானின் பாரம் எங்கே நிற்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும் கண் அவருடையது. அவள் பக்கவாட்டில் திரும்பி, ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பாரம் முழுக்கக் கையில் இருந்தது, காலில் இல்லவே இல்லை. இதை அவர் இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. எங்கே போனாலும் அவர் முன்னால் இறங்கித் தெருவுக்குப் போய் நின்றுவிடுவார், அவ்வளவுதான். வெட்கமாக இருந்தது.

படியேறிப் போய் அவளுக்கு ஒரு படி கீழே நின்று, கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார்.

"மெதுவா," என்றார்.

"மெதுவாத்தான் இறங்கிட்டு இருக்கேன், அஞ்சு வருஷமா. நீங்கதான் முன்னாடி போயிடுவீங்க."

அவர் பின்பக்கமாகக் காலைவிட்டு அடுத்த படியைத் தடவிப் பார்த்து, ஒரு படி இறங்கி, அவள் இரண்டு காலையும் வைக்கும் வரை நின்றார்.